புள்ளி ஆறு கிராம்

கார்முகிலன் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலடி உயரச் சுவர் ஒன்றுதான். ஆம்பூரை ஒட்டிய தேவலாபுரத்தில் இந்தத் தெருவுக்கு அவர் குடிவந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வயது நாற்பத்து மூன்று. பதினேழு வருஷம் ஒரே தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற ஆலையில், டிரம் ஓட்டினவர். டிரம் என்றால் ஒரு அறை அளவுக்கு மரத்தில் செய்த பீப்பாய். தோலையும் தண்ணீரையும் மருந்தையும் உள்ளே போட்டு, கதவை மூடி, மணிக்கணக்கில் சுற்ற விடுவார்கள். எந்த மருந்து, எத்தனை கிலோ, எத்தனை நிமிஷம் என்று சீட்டில் எழுதி வரும். அதன்படி போடுவது அவர் வேலை. ஒரு சீட்டைக்கூட அவர் தவறாகப் போட்டதில்லை. அதே ஷாப்பில் எடை மேடையில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, அவர் வேலூருக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். விரல் இடுக்குகள் நாலு மாதமாக வெடித்து நீர் வடிந்துகொண்டிருந்தன. குரோம் மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேல் ஈர வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பதினேழு வருஷமா ஒத்துக்கிச்சே டாக்டர், இப்ப இன்னா திடீர்னு?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"பதினேழு வருஷமா பொறுத்துக்கிச்சு. இப்பதான் கோவம் வந்திருக்கு" என்றாராம் டாக்டர்.

ஷாப்பில் நல்லபடியாகவே நடந்துகொண்டார்கள். மே 31 வரைக்கும் பேக்கிங் பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு என்ன என்பதற்கு அவர் மச்சான் பிரேம்குமார் ஓசூரிலிருந்து பதில் வைத்திருந்தார். அங்கே ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. ஜூன் 2, திங்கட்கிழமை சேர வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்று, வருகிற காருக்கெல்லாம் சல்யூட் வைக்க வேண்டும். மனைவி நித்யஸ்ரீ இங்கே ஷூ கம்பெனியில் செக்கிங் லைனில் இருக்கிறார். மகள் பத்தாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். ஆகவே அவர் மட்டும் ஓசூர், இவர்கள் இங்கே.

"சல்யூட் வைக்கிறதுல இன்னா கஷ்டம் மாப்ள? கை காஞ்சே இருக்கும். உன் டாக்டர் அதைத்தானே சொன்னாரு" என்றார் பிரேம்குமார், ஸ்பீக்கர் போனில்.

கார்முகிலன் மனம் வேறு இடத்தில் இருந்தது. கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்.

அங்கே அவர் ஒரு உலை வைத்திருந்தார். மருந்து வந்த இரும்பு பேரலைப் பாதியாக வெட்டி, உள்ளே சுட்ட செங்கல்லும் உலை மண்ணும் பூசி, பழைய இரும்புக் கடையில் கிடைத்த புளோயரை ஓரத்தில் பொருத்தியது. ஒரு வருஷமாக அதில் அலுமினியம் உருக்கிக்கொண்டிருந்தார். குக்கர் மூடிக்கு ஒரு கைப்பிடி செய்தார், சைக்கிளுக்கு ஒரு ஸ்டாண்டு செய்தார். ஒரு யானையும் செய்தார். அதைப் பன்றி என்றே எல்லோரும் சொன்னார்கள். மழை மேகம் என்று பேர் வைத்துக்கொண்டு நெருப்போடு விளையாடுகிற ஆள் என்று தெருவில் கேலி. நித்யஸ்ரீக்குத் துணிக்கொடி கரியாகிறது என்ற ஒரு புகார்தான்.

வழி திறந்தது ஹீனா என்ற பெண்ணால். நித்யஸ்ரீயோடு ஷூ கம்பெனியில் ஒரே லைனில் இருந்தவர். மூன்று வருஷம் முன் வேலையை விட்டுவிட்டு, ஆம்பூர் கஸ்பாவில் தன் வீட்டு மாடியில் பெல்ட்டும் பர்ஸும் செய்கிற பட்டறை போட்டார். ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு பெல்ட்டிலும் சூடான முத்திரையால் ஒரு மாங்காய் வடிவம் பதிப்பது அவர் அடையாளம். பித்தளை முத்திரை வைத்திருந்தார். ஓரம் கருகும், நடு வெளுத்துப் போகும். செம்பு முத்திரையில் சூடு ஒரே சீராகப் பரவும். ஆனால் அவர் வைத்திருந்த ஒரே செம்பு முத்திரை கீழே விழுந்து மூலை நசுங்கிப் போயிற்று.

"அண்ணா, நீங்க உருக்குறீங்கன்னு நித்யா சொன்னா. செம்பு வருமா?" என்று கேட்டார்.

"வராம?" என்றார் கார்முகிலன். அதுவரை ஒரு கிராம் செம்பைக்கூட அவர் உருக்கியதில்லை.

"மே முப்பத்தொண்ணுக்குள்ள ஒண்ணு சுத்தமா குடுத்துட்டீங்கன்னா, எனக்கு மட்டும் இல்ல, எங்க தெருவுல ஏழு பட்டறை இருக்கு, எல்லாத்துக்கும் நீங்கதான். நான் பேசிட்டேன். இல்லன்னா ஜூன்ல சென்னைக்கு ஆர்டர் போட்டுடுவோம். எங்களுக்கும் சீசன் பேஜாராயிடும்."

கடையில் செம்புப் பட்டை வாங்கி வெட்டிக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். முதுகில் பிடியும் சேர்ந்தே வர வேண்டும், ஏழு பட்டறைக்கும் ஏழு அளவு என்று காரணங்கள் சொன்னார். பிறகு, "அப்படி வெட்டிக்கலாம்னா அவங்க என்கிட்ட எதுக்கு சார் வரணும்?" என்றார். அதுதான் நிஜமான காரணம்.

மே 31-க்கு முன் அவருக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

முதல் வார்ப்பு ஏப்ரல் 27. மோட்டார் ரீவைண்டிங் கடையில் வாங்கிய பழைய செம்புக் கம்பி, 1,200 கிராம். செம்பு உருக ஆயிரத்து எண்பத்தைந்து டிகிரி வேண்டும். அலுமினியத்துக்கு ஆகிற கரியைப் போல இரண்டு பங்குக்கு மேல் ஆயிற்று. மூசையில், அதாவது உலோகம் உருக்குகிற மண் குடுவையில், செம்பு பச்சையும் ஆரஞ்சுமாக மினுங்கியதும் இடுக்கியால் தூக்கி மணல் அச்சில் ஊற்றினார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். நித்யஸ்ரீ சமையலறை ஜன்னலில்.

ஊற்றினதும் கொஞ்ச நேரம் அச்சின் மேல் வாய் சமமாக இருந்தது. கார்முகிலன் சிரிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் நடுவில் ஒரு மேடு கட்டியது. மேடு வளர்ந்தது. உறைந்து முடிப்பதற்குள் எண்ணெய்ச் சட்டியில் பூரி எழும்புகிற மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

"குருமா வைக்கட்டுமா?" என்றார் நித்யஸ்ரீ.

ஆறின பிறகு ரம்பத்தால் அறுத்துப் பார்த்தால் உள்ளே பன் ரொட்டி.

காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. உருகின செம்பு சும்மா இருக்காது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைக் குடிக்கும். கரியிலோ மணலிலோ ஈரம் இருந்தால் ஹைட்ரஜனையும் குடிக்கும். உறையும்போது இரண்டும் உள்ளேயே சேர்ந்து ஆவியாகி வெளியே வரப் பார்க்கும். வர முடியாத இடத்தில் ஓட்டையாக நிற்கும். ஊற்றுவதற்கு முன்பே அந்த ஆக்ஸிஜனைப் பிடுங்கிவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் பச்சை மரக்கொம்பால் செம்பைக் கிளறி ஆக்ஸிஜனை எடுப்பார்கள் என்று போனில் ஒரு வீடியோ சொன்னது. எந்த மரம் என்று சொல்லவில்லை. கார்முகிலன் யோசிக்கவே இல்லை. ஆலங்காயம் ரோட்டில் வண்டியை நிறுத்தி ஆவாரங்கொம்பு வெட்டிக்கொண்டு வந்தார்.

"ஏன் ஆவாரம்?" என்றேன்.

"இன்னா சார் இப்படி கேக்குறீங்க? தோலையே பதப்படுத்துற பட்டை. செம்பு எம்மாத்திரம்?"

மே 4. அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த நாள். மூசை மேல் கரித்தூள் போர்த்தி, ஆவாரங்கொம்பை உள்ளே விட்டார். செம்பு உறுமியது. கொதித்தது. ஒரு துளி பறந்து போய்த் துணி அலசுகிற பிளாஸ்டிக் பக்கெட்டில் விழுந்து, நேர் கீழே ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேறியது. யார் மேலும் படவில்லை. இவர் முகக்கவசமும் ஷாப்பில் கொடுத்த தோல் ஏப்ரனும் போட்டிருந்தார். அந்த விஷயத்தில் அவர் எப்போதும் ஒழுங்கு.

"எனக்குப் புது பக்கெட் வரணும். நீலம் வேணாம், பச்சை" என்றார் ஜன்னலில் இருந்த நித்யஸ்ரீ.

இந்த முறை உப்பல் குறைந்தது. ஆனால் ஓட்டைகள் இருந்தன. முன்பு பெரிசாக நாலைந்து, இப்போது சின்னதாக நிறைய. பச்சைக்கொம்பு ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு, தன் ஈரத்தைச் செம்புக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

அன்றைக்கு ராணிப்பேட்டையில் ஒரு வார்ப்பு ஆலையில் வேலை செய்யும் ஜோசுவாவுக்கு போன் போட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து தோஸ்த். ஜோசுவா ஷிப்டில் இருந்ததால் மெசேஜில் பதில் வந்தது. அதை நான் என் கண்ணால் படித்தேன். "பாஸ்பரஸ் 0.05%. ஆக்ஸிஜனை அது புடிச்சுக்கும். ஏசி மெக்கானிக் செம்பு பைப் ஒட்ட வைக்கிற ராடுல இருக்கும். ஊத்துறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி போடு. ஆல் தி பெஸ்ட்."

இதுதான் அவருக்குப் பழகின மொழி. பர்சென்ட். பதினேழு வருஷமாகச் சீட்டில் அப்படித்தான் வந்தது. தோல் எடையில் இத்தனை பர்சென்ட் இன்ன மருந்து.

பைபாஸ் ஓரம் ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுஹேல் அகமதுவிடம் போய் நாலு ராடு வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் ஐம்பது சென்டிமீட்டர் நீளம், துடைப்பக் குச்சி மாதிரி. என்னிடம் புள்ளி ஒரு கிராம் வரை காட்டுகிற சின்னத் தராசு ஒன்று உண்டு. அதற்காகச் சுவருக்கு மேலே ஒரு கை நீண்டது.

"ஆயிரத்து இருநூறு கிராம். புள்ளி பூஜ்யம் அஞ்சு பர்சென்ட். புள்ளி ஆறு கிராம். சரியா சார்?"

நான் தாளில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

ராடில் ஒரு துண்டு வெட்டி வைத்தோம். 0.7 காட்டியது. அரத்தால் நாலு இழுப்பு இழுத்தார். 0.6. சுண்டுவிரலின் நுனிக் கணு நீளம், இரண்டு புள்ளி நாலு சென்டிமீட்டர். காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மே 11. மூன்றாவது வார்ப்பு. மேல் வாய் லேசாக மட்டும் தலை தூக்கி நின்றுவிட்டது. பூரி இல்லை, சப்பாத்தி. வெளியே பார்க்க அழகாக வந்திருந்தது. செம்பின் முகத்தைத் தேய்த்தார். ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. கஸ்பாவில் எழுத்து வெட்டுகிற மெஷின்காரரிடம் கொடுத்து மாங்காய் வெட்டி வாங்கினார். மே 15, வியாழக்கிழமை சாயங்காலம் ஹீனாவின் மாடிக்குப் போனோம். துணைக்கு நானும்.

ஹீனா முத்திரையைச் சூடேற்றி ஒரு துண்டு ஆட்டுத்தோலில் அழுத்தினார். எடுத்தார். சூடு உண்மையிலேயே ஒரே சீர். பிறகு அந்தத் துண்டைப் பட்டறையில் மூத்தவரான ரஃபத் ஜஹானிடம் நீட்டினார். அந்த அம்மாள் இருபது வருஷம் தோல் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தவர். கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. கட்டை விரலால் ஒரு தடவை தடவினார்.

"மூணாவது கிரேடு. ஆட்டுக்கு அம்மை போட்டிருக்கு."

"ஆபா, அது ஃபர்ஸ்ட் கிரேடு தோலு. நீங்கதான் நேத்து பிரிச்சீங்க."

"அப்போ மாங்காய்க்கு அம்மை."

வாங்கிப் பார்த்தோம். மாங்காயின் வயிற்றில் கடுகளவு கொப்புளம், ஆறு. முத்திரையில் ஊசி முனை ஓட்டை இருந்தால் தோல் அந்த ஓட்டைக்குள் எழும்பி நின்றுவிடுகிறது. மெஷின்காரர் செம்பின் மேல்பரப்பைக் கொஞ்சம் வெட்டினதும் உள்ளே மூடியிருந்த ஓட்டைகள் வெளியே வந்துவிட்டன. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி வேப்பிலை கட்டலாமா என்றாள். கார்முகிலனும் சிரித்தார். படி இறங்கும்போது சிரிப்பு இல்லை.

"இன்னும் பதினாறு நாள் இருக்கு அண்ணா" என்றார் ஹீனா மேலேயிருந்து.

"ரெண்டு ஞாயித்துக்கிழமைதான் இருக்கு" என்றார் இவர், என்னிடம்.

அன்று பிரேம்குமார் மறுபடியும் அழைத்தார். ரூமில் கீழ்க் கட்டில் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். "செம்புல தண்ணி குடிக்கலாம் மாப்ள. செம்ப நம்பி குடும்பம் நடத்த முடியுமா? ஒழுங்கா வந்து சேரு."

"ஞாயித்துக்கிழமை பாத்துட்டு சொல்றேன் மச்சான்."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"ரெண்டு இருக்கு."

நாலாவது வார்ப்புக்கு அவர் ஈரத்தின் மேல் போர் தொடுத்தார். மணலை மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, அச்சை உலை வாயில் வைத்துச் சுட்டு, கரியைக்கூட வாணலியில் வறுத்தார். கத்திரி வெயிலில் கரி வறுத்த ஆள் ஆம்பூர் வட்டாரத்தில் அவர் ஒருவர்தான் இருப்பார். மே 18. மறுபடியும் 0.6 கிராம், மறுபடியும் அரம், மறுபடியும் என் தராசு. மேல் வாய் இரண்டு மில்லிமீட்டர் உப்பியது. இந்த முறை மெஷின்காரரிடம் போகவில்லை. திங்கட்கிழமை அவரே நடுவில் அறுத்தார். ஓட்டைகள் பாதியாகக் குறைந்திருந்தன. ஆனால் இருந்தன.

அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார். வெகுநேரம் அந்த வெட்டு முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்.

"ராடு டூப்ளிகேட் சார்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. செம்பு சரி, கரி சரி, மணல் சரி, எடையோ இரண்டு பேர் பார்த்தது. மிச்சம் ராடு ஒன்றுதான்.

மே 20, செவ்வாய், மாலை ஆறே கால் மணிக்கு சுஹேல் கடையில் நின்றோம். சுஹேல் ஒரு பழைய ஏசியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். வயது முப்பது இருக்கும்.

"தம்பி, இப்படி பண்ணலாமா? டூப்ளிகேட் ராடு குடுத்திருக்கியே."

"இன்னாண்ணே சொல்றீங்க? இதே பாக்கெட்ல நேத்து மூணு ஏசி ஒட்டினேன். ஒண்ணுல கூட லீக் இல்ல."

"ஏசி ஒட்டும். என் செம்புல வேலை செய்யலியே. ரெண்டு வாரம் போச்சு."

"எவ்ளோ போட்டீங்க?"

"கரெக்டா போட்டேன். பாஸ்பரஸ் புள்ளி பூஜ்யம் அஞ்சு பர்சென்ட். ஆயிரத்து இருநூறுக்குப் புள்ளி ஆறு கிராம். சார் நிறுத்துக் குடுத்தாரு, வேணும்னா கேளு."

சுஹேல் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"பாஸ்பரஸ் புள்ளி ஆறு கிராமா, ராடு புள்ளி ஆறு கிராமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

சுஹேல் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து அந்தப் பாக்கெட்டை எடுத்து வந்து கார்முகிலன் கையில் கொடுத்தார். பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: செம்பு 93, பாஸ்பரஸ் 7.

"நூறு கிராம் ராடுல ஏழு கிராம்தாண்ணே பாஸ்பரஸ். மிச்சமெல்லாம் செம்புதான். நீங்க செம்புல செம்பைப் போட்டிருக்கீங்க. அண்டா சாம்பாருக்கு ஒரு கல்லு உப்பு."

கார்முகிலன் பக்கத்திலிருந்த ஏசி பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

தோல் ஷாப்பில் இருந்தவர்களுக்குத்தான் இது எப்படி நடந்தது என்று உடனே புரியும். சீட்டில் எட்டு பர்சென்ட் குரோம் என்று வந்தால், ஆயிரம் கிலோ தோலுக்கு எண்பது கிலோ பவுடர். மூட்டையில் இருக்கிற பவுடரை அப்படியே நிறுத்துப் போடுவோம். அந்தப் பவுடருக்குள் நிஜமான குரோம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லாதபடிதான் சீட்டு எழுதப்படும். மருந்தின் பேர் என்றால் மூட்டை. பர்சென்ட் என்றால் மூட்டையின் எடை. அவருக்குப் பதினேழு வருஷமும் எனக்கு முப்பத்து நாலு வருஷமும் அது ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆகவே இரண்டு பேரும் சேர்ந்து, தவறான சாமானை, அரத்தால் தேய்த்துத் தேய்த்து, புள்ளி ஒரு கிராம் சுத்தமாக நிறுத்திருந்தோம்.

"சார், நாம மூட்டையை நிறுத்துட்டோம்" என்றார் கார்முகிலன்.

"ஆமாம்" என்றேன்.

அங்கிருந்தே ஜோசுவாவுக்கு போன் போனது. ஜோசுவா சிரித்த சிரிப்பு போனை விட்டு வெளியே வந்து கடை முழுவதும் கேட்டது.

"டேய், ராடுல 0.05 போடுன்னு யாருடா சொன்னா?"

"நீ பிரிச்சு எழுதலியே."

"வார்ப்பு ஆலைல எவனும் அப்படி நினைக்க மாட்டான்டா."

"நான் தோல் ஷாப்புடா! சரி, இப்ப முழு ராடும் போட்டுட்டா இன்னா ஆவும்?"

"ஜாஸ்தி போட்டா செம்பு தண்ணி மாதிரி ஓடி மணலுக்குள்ள புகுந்துடும். சூடும் நல்லா ஓடாது. உனக்கு ஸ்டாம்ப் தானே? கணக்குக்கு மேல போடாத. போட்டதும் கிளறு, உடனே ஊத்து. வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்காத, திரும்பக் காத்தைக் குடிச்சிடும்."

கணக்கை சுஹேல் கடை பில் புத்தகத்தின் பின்பக்கம் போட்டோம். 0.6 கிராம் பாஸ்பரஸ் வேண்டுமானால் ராடு 8.6 கிராம். ஒரு முழு ராடு பன்னிரண்டரை கிராம். ஆகவே முப்பத்து நாலு சென்டிமீட்டர். நாங்கள் இரண்டு வாரமும் போட்டது இரண்டு புள்ளி நாலு. கிளம்பும்போது சுஹேல் காசு வாங்காமல் இன்னொரு ராடு கொடுத்தார். "டூப்ளிகேட் தான், பரவால்லியா?" என்று கேட்டுத்தான் கொடுத்தார்.

மே 25, ஞாயிற்றுக்கிழமை. கடைசி ஞாயிறு. காலை ஐந்தரைக்கே உலை மூட்டினார். அன்று ஜன்னலில் கேலி இல்லை. நித்யஸ்ரீ கொல்லைக்கே வந்து, தள்ளி, துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். ஏழு நாற்பதுக்குச் செம்பு தயார். கரிப்போர்வையை ஒதுக்கி, சூடு பண்ணி வைத்திருந்த ராடை நிமிர்த்தி, மூசையின் அடி வரைக்கும் அழுத்தினார். குச்சி ஐஸ் வெந்நீரில் கரைகிற மாதிரி போயிற்று. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தது. காற்று வருகிற பக்கமாக நின்றிருந்ததால் அது அவர் பக்கம் வரவில்லை. கிராஃபைட் குச்சியால் பத்து எண்ணுகிறவரை கிளறினார். அந்தப் பத்துக்குள் செம்பின் முகமே மாறிவிட்டது. முன்பெல்லாம் மேலே ஒரு ஆடை கட்டும். இப்போது ஆடை விலகி, கண்ணாடி மாதிரி பளிச்சென்று நின்றது. ஊற்றினார். எண்ணெய் மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது.

மூன்று பேரும் மேல் வாயையே பார்த்தோம். மேடு கட்டவில்லை. ஒரு நிமிஷம். கட்டவில்லை. பிறகு நடுவில் ஒரு குழி விழுந்தது. குழி மெதுவாக ஆழமாயிற்று. கண்ணெதிரே உள்ளே வாங்கிக்கொண்டே போயிற்று.

"போச்சு" என்றார் கார்முகிலன். "உள்ள இடிஞ்சு விழுது."

நித்யஸ்ரீ கிட்டே வந்து அவர் தோளைத் தொட்டார். சூடாக இருந்ததோ என்னவோ, உடனே கையை எடுத்துவிட்டார். "விடு. ஓசூர் இன்னா லண்டனா? சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடப் போற."

அவர் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். குழி ஒன்பது மில்லிமீட்டர்.

பதினொன்றே கால் மணிக்கு மணலை உடைத்து எடுத்தார். மேல் வாயை அறுத்துத் தள்ள வேண்டும், அது எப்படியும் கழிவுதான். ரம்பம் பாதி போனதும் குழி தெரிந்தது. முக்கால் போனதும் குழி முடிந்தது. அதற்குக் கீழே வெட்டு முகம் முழுக்க ஒரே சதை. அவர் நிறுத்தி, சட்டை முனையால் தூளைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"சார், இங்க வாங்க. ஓட்டை எங்கன்னு காட்டுங்க."

நான் லென்ஸ் எடுத்து வந்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். காட்ட ஒன்றும் இல்லை.

"நித்யா, நீ பாரு. நீதான் செக்கிங்."

நித்யஸ்ரீ வாங்கி, ஷூ பார்க்கிற மாதிரியே வெளிச்சத்துக்குச் சாய்த்து, நாலு பக்கமும் திருப்பினார். "பாஸ்" என்றார். அவர் லைனில் அந்தச் சொல் லேசில் வராது.

ஜோசுவாவுக்கு போட்டோ போயிற்று. பதில் உடனே வந்தது. "குழி விழணும்டா பைத்தியமே. எந்த உலோகமும் உறையும்போது சுருங்கும். இத்தனை நாள் உள்ள இருந்த காத்து அதைச் சுருங்க விடல. குழி விழுந்தா காத்து இல்லன்னு அர்த்தம்."

"இதையும் முன்னாடியே எழுதியிருக்கலாம் இல்ல?" என்று போனைப் பார்த்துச் சொன்னார்.

மெஷின்காரர் புதன்கிழமை மாங்காய் வெட்டிக் கொடுத்தார். மே 29, வியாழன், மறுபடியும் ஹீனாவின் மாடி. இந்த முறை நித்யஸ்ரீயும் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார். ஹீனா சூடேற்றினார். பழைய முத்திரையைவிடச் சூடாகக் கொஞ்சம் நேரம் அதிகம் எடுக்கிறது என்றார். கார்முகிலன் முகம் சுருங்கியது. அது பாஸ்பரஸ் செய்கிற வேலை, அடுத்ததில் கம்மி பண்ணிப் பார்க்கலாம் என்று அவசரமாகச் சொன்னார்.

"இருங்க அண்ணா, முதல்ல இது முடியட்டும்" என்று அழுத்தி எடுத்தார்.

தோல் துண்டு ரஃபத் ஜஹானுக்குப் போயிற்று. கட்டை விரல் மாங்காயின் மேல் ஒரு முறை போயிற்று. திரும்பி வந்தது. மறுபடி போயிற்று. அந்த அம்மாள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். தையல் மெஷின்கள் நின்றுவிட்டன.

"எந்த ஆடு இது?" என்றார்.

"அதே ஆடுதான் ஆபா."

"சுத்தமா இருக்கு. ஃபர்ஸ்ட்ல போடு."

ஹீனா உடனே ஒரு பெல்ட்டை எடுத்து வைத்து முத்திரை குத்தினார். இன்னொன்று. பதினோரு பெல்ட் தொடர்ந்து குத்தின பிறகுதான் எங்களை நிமிர்ந்து பார்த்தார். "மீதி ஆறு பட்டறைக்கும் அளவு எழுதித் தர்றேன். சமீருல்லா பாயோடது கொஞ்சம் அவசரம். அடுத்தது எப்போ வரும்?"

"ஞாயித்துக்கிழமை" என்றார் கார்முகிலன்.

"ஞாயித்துக்கிழமை நீங்க ஓசூர் கிளம்பறதா நித்யா சொன்னாளே?"

அவர் பதிலுக்கு போனை எடுத்தார். அந்த மாடியிலேயே, எல்லோர் முன்னாலும், ஸ்பீக்கரில்.

"மச்சான், நான் வரல."

"இன்னா வரல? கட்டில் சொல்லி வச்சுட்டேன். யூனிபார்ம் வேற தச்சாச்சு. அஞ்சடி நாலங்குலத்துக்கு இங்க வேற எவன் இருக்கான் மாப்ள?"

"செம்பு வந்துடுச்சு மச்சான். சுத்தமா வந்துடுச்சு."

பிரேம்குமார், "நிஜமாவா?" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "அங்க பிரேம்குமார்னு பேர் போட்டு ஒரு ஸ்டாம்ப் செய்ய முடியுமா? இங்க எங்களுக்கெல்லாம் பெல்ட் குடுக்குறாங்க, எது யாருதுன்னே தெரியல."

"பேருக்கு எத்தனை எழுத்தோ அத்தனை நாள் ஆகும்" என்றார் நித்யஸ்ரீ, போனை வாங்கி. "வைண்ணா, இங்க வேலை நடக்குது."

ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, ஆறாவது வார்ப்பு. ராடு இந்த முறை குறைத்து 6.4 கிராம். குழி ஏழு மில்லிமீட்டர், ஓட்டை இல்லை.